இருபத்திரண்டு சுற்று

நான்காவது குழியும் காய்ந்துதான் கிடந்தது.

ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. குழாயின் முதுகு முழுசாக வெளியே தெரிந்தது. எங்கள் குழாய் பிட்டர் உள்ளே இறங்கி, குழாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி என்னிடம் நீட்டினான். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவன் சட்டையில் வியர்வை ஈரம் இருந்த அளவுக்குக்கூட அந்த மண்ணில் ஈரம் இல்லை.

“இங்க தண்ணியத் தேடுறதுக்கு தங்கத்தைத் தேடியிருந்தா ஒரு மரியாதையாவது இருந்திருக்கும் மேடம்” என்றான்.

எங்கள் பிரிவில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். எதற்கும் அவசரப்படாதவன் என்பதால் வைத்தது. அன்றைக்கு நான்தான் அவனை விரட்டி விரட்டி வேலை வாங்கியிருந்தேன். இங்கேதான், சந்தேகமே இல்லை என்று தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டவளும் நான்தான்.

நகரத்தின் குடிநீர்த் துறையில் கசிவு கேட்பது என் வேலை. மண்ணுக்கு அடியில் குழாய் உடைந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். அந்தச் சீறல் குழாயின் உடம்பு வழியாகவே கொஞ்ச தூரம் ஓடி வரும். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் தலையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும். தரையில் வைத்துக் கேட்கிற மைக், ஹெட்போன் எல்லாம் பிறகு வந்தவை. பதினேழு வருடமாகக் கேட்கிறேன். யாரோடு பேசினாலும் நான் தலையை இடது பக்கம் சாய்க்கிறேனாம். எதிரே நிற்பவர் எங்கேயோ ஒழுகுகிறார் என்று சந்தேகப்படுவது மாதிரி இருக்கிறது என்பார் என் கணவர்.

நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். குழிக்கு நேர் எதிரே இருந்த கட்டடத்தின் நான்காவது மாடியில், துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையை லேசாகத் தூக்கி ‘என்ன ஆச்சு’ என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீர் நுழைய ஒரே வாசல், அந்த வாசலில் ஒரு மீட்டர். எல்லோரும் தூங்குகிற நேரத்தில் மீட்டர் காட்டுகிற அளவில் பெரும்பங்கு வீணாகப் போகிற தண்ணீர் என்று எடுத்துக்கொள்வோம். அக்கா குடியிருந்தது மேட்டுப் பகுதி. அதன் மீட்டர் நொடிக்கு ஒன்பது லிட்டர் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நொடியில் ஒரு வாளி. அத்தனை தண்ணீர் மண்ணுக்குள் போனால் எங்கேயாவது சாலை உள்வாங்க வேண்டும், எவர் வீட்டுச் சுவராவது ஊற வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பகுதியில் அழுத்தம் மட்டும் குறைந்துபோய், மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறாமல் நின்றுவிட்டது. கட்டடத்தின் முற்றத்துக் குழாயில் மட்டும் வரும். அங்கிருந்து அக்கா நான்கு மாடிக்கு வாளியில் சுமந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டிலேயே தையல் வேலை. அத்தான் போன பிறகும் தனியாகவே அந்த வீட்டில் இருந்தாள். வெளியூரில் இருக்கும் அவள் மகன், மாசக் கடைசியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டான். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. தண்ணீர் வந்துவிட்டால் நான் ஏன் போகப்போகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இந்த ஊரில் என்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ள ஒரே ஆள் அவள்தான். அந்த ஆளை இழக்க எனக்கு மனமில்லை.

முதல் குழியில் நான் கேட்டது, ஒரு வீட்டுக்காரர் மாடிப்படிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த மோட்டாரின் சத்தம். இரண்டாவதில் மின்சாரக் கேபிளின் இரைச்சல். மூன்றாவது, குழாய் வளைந்து திரும்புகிற இடம். அங்கே கேட்டது அச்சு அசலாகச் சீறல்தான், ஆனால் ஓட்டை இல்லை. நான்காவதைப் பற்றி இப்போது நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வாசலுக்கு எதிரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தபோது எனக்குக் கேட்டது மிகச் சின்னது. வேறெந்தத் தெருவாக இருந்தாலும் எழுந்து போயிருப்பேன். இங்கே இருந்துவிடேன், இங்கே இருந்துவிடேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கேட்டேன். அப்படிக் கேட்டால் எந்தத் தரையும் சீறும்.

பொறியாளருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஐந்தாவது குழிக்கு அனுமதி கிடையாது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முழங்கை வரை மண்ணோடு அக்கா வீட்டுக்கு ஏறினேன். அறுபத்துநான்கு படி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. கதவுக்குப் பின்னால் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டு, வரிசையாக வாளிகள், சமையலறை மேடையில் பாட்டில்கள். நடக்க இடமில்லாத அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டி ஸ்டூலில் வைத்திருந்தாள். கை கழுவத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே ஒரு குவளையில் மொண்டு, பாதி ஊற்றினாள், நிறுத்தினாள், மீதியை டிரம்முக்கே திருப்பி ஊற்றினாள்.

இன்னும் ஒரு வாரம் கொடு என்று கேட்டேன்.

“எட்டு மாசமா இதைத்தான் சொல்ற” என்றாள்.

எட்டு மாதமெல்லாம் இல்லை, ஆறு மாதம்தான் என்றேன். சும்மா சொல்லவில்லை. மேட்டுப் பகுதியின் பழைய மீட்டர் பழுதாகி இரண்டு மாதத்துக்கு மேல் செத்துக் கிடந்தது. புது மீட்டர் வைத்த நாளிலிருந்துதான் அந்த ஒன்பது லிட்டர் எங்கள் கண்ணில் பட்டது. எங்கள் பதிவில் கசிவின் வயது ஆறு மாதம்.

“உனக்கு உன் மீட்டர் சொன்ன நாள்ல இருந்து கணக்கு. எனக்கு என் முழங்கால் சொன்ன நாள்ல இருந்து.”

“மாசத்துல முன்னப் பின்ன இருக்கும்க்கா. நீ எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?”

அவள் பிரித்த நூலை வாயால் ஊதித் தள்ளினாள். “நீ பள்ளப் பகுதில அந்தப் பெரிய கசிவைப் பிடிச்சிட்டேன்னு குதிச்சுக்கிட்டு வந்தியே, அன்னிக்குத்தான். டீ போடலாம்னு குழாயைத் திறந்தேன். இருமிட்டு நின்னுருச்சு. எங்கயாவது வேலை நடக்கும், நாளைக்கு வந்துரும்னு நீதான் சொன்ன. டீ குடிக்காமலே போன. அந்த நாளைக்கு இன்னும் விடியல.”

எனக்கு நினைவே இல்லை. அன்றைக்கு வந்தது நினைவிருக்கிறது, அவள் முகம் நினைவிருக்கிறது, நான் பேசியது ஒவ்வொரு வரியும் நினைவிருக்கிறது. குழாய் மட்டும் நினைவில் இல்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

படி இறங்கும்போதே கணக்குப் போட்டேன்: பள்ளப் பகுதியில் நான் கசிவைப் பிடித்த அன்றேதான் இங்கே தண்ணீர் நின்றிருக்கிறது.

பள்ளப் பகுதி என்பது மேட்டுப் பகுதியை ஒட்டி, சரிவில் கீழே இருப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை வால்வு உண்டு. அது எப்போதும் மூடியே இருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு தெருவில் கசிவு கேட்டேன், தோண்டினோம், இருந்தது. அந்த வேலை முடிகிறவரை அங்கே இருந்த பிரசவ விடுதிக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காக, எல்லை வால்வைத் திறந்து மேட்டிலிருந்து தண்ணீர் விட்டோம். மறுநாள் காலை பள்ளத்தின் மீட்டர் ஒன்பது லிட்டர் குறைவாகக் காட்டியது. ஒரே கசிவில் ஒன்பது லிட்டர் மீட்டவர் எங்கள் துறையில் அதுவரை யாருமில்லை. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அலுவலகச் சுவரில் அது இன்னும் மாட்டியிருந்தது.

அந்தக் குழாயில் இருந்த ஓட்டையை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பென்சில் நுழையும். பென்சில் நுழைகிற ஓட்டையில் நொடிக்கு ஒரு லிட்டர் போனாலே அதிகம். ஒன்பது போகாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். பக்கத்தில் இன்னொரு ஓட்டை இருந்து, நாங்கள் குழாயை மாற்றும்போது அதுவும் சேர்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யோசனையைப் போகவிடவில்லை. நம்மைப் புகழ்கிறவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கம் யாருக்குத்தான் இருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் எல்லை வால்வின் பதிவு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ‘மூடப்பட்டது. கேட்டு உறுதி செய்யப்பட்டது.’ என் கையெழுத்து. ஆறு மாதமாக மேட்டுப் பகுதியின் எல்லை வால்வுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தவள், இந்த ஒன்றைத் தொடவில்லை. நானே மூடியது, நானே கேட்டது, அதை ஏன் திரும்பப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பிட்டர் அவசரத்தைக் கூப்பிட்டு, அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல் என்றேன். வால்வைத் திறந்தது அவன் இல்லை. அப்போது எங்களோடு இருந்த மூத்த பிட்டர். எல்லோரும் சீனியர் என்று கூப்பிடுவோம். அந்த வாரமே ஓய்வு பெற்றார். வேலை முடிவதற்குள் அவர் ஷிப்ட் முடிந்து போய்விட்டார். சாயங்காலம் வால்வை மூடச் சொன்னது நான். அவசரம் நீளச் சாவியை மாட்டி வலது பக்கம் திருகியிருக்கிறான். எல்லா வால்வும் வலது பக்கம் திருகினால்தான் மூடும். அது அசையவில்லை.

“நான் சொன்னேனே மேடம். அசைய மாட்டேங்குது, சீனியரே மூடிட்டுப் போயிட்டார் போலன்னு. நீங்க கம்பிய வெச்சுக் கேட்டீங்க. சத்தமே இல்ல, மூடித்தான் இருக்குன்னு சொன்னீங்க.”

சொன்னேன்.

சீனியருக்குப் போன் போட்டேன். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எந்த வால்வு என்று சொன்னதும் அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

“அது இடது பக்கம் மூடுறதாச்சே. வலது பக்கம் திருகினா திறக்கும். பழைய சரக்கு, இந்த ஊர்லயே மூணோ நாலோதான் இருக்கு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பதினேழு வருடமாக இருக்கிறீர்களே என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் சொல்லாமல் போயிருக்கிறார். முழுசாகத் திறந்துவிட்டுத்தான் போனாராம். எத்தனை சுற்று என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றார்.

முழுசாகத் திறந்த வால்வை இன்னும் திறக்கிற பக்கமாகவே திருகினால் அது எப்படி அசையும். அதுகூடப் பரவாயில்லை, அது அவசரத்தின் கை. என் காது செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. வால்வு பாதி திறந்திருந்தால்தான் சத்தம் போடும், தண்ணீர் இடுக்கில் நெருக்கிக்கொண்டு போவதால். முழுக்க மூடிய வால்வு அமைதியாக இருக்கும். முழுக்கத் திறந்த வால்வும் அப்படியேதான் இருக்கும். இது முதல் மாதத்தில் படித்த பாடம். காது இல்லாதவள் யாராவது அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், சுற்றுகளை எண்ணியிருப்பாள், சந்தேகப்பட்டிருப்பாள். எனக்குக் காது இருந்தது. அதனால் மற்ற எதுவும் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகல். எல்லை வால்வு ஒரு மருந்துக்கடைக்கு முன்னால் இருந்தது. இரும்பு மூடியைப் பெயர்த்தோம். அவசரம் சாவியை மாட்டி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது பக்கம் திருகினான். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

அவன் வாய்விட்டு எண்ணினான். நான் கம்பியைக் காதில் வைத்துக்கொண்டேன். பதினைந்து வரை ஒன்றுமில்லை. பதினெட்டில் மெல்ல ஓர் இரைச்சல் எழுந்தது. இருபதில் அது கூர்மையாகி, காதுக்குள் ஊசி போல ஏறியது. ஆறு மாதமாக நான்கு தெருவில் குந்தியிருந்து நான் தேடிய சீறல் இதுதான். இருபத்திரண்டில் சட்டென்று நின்றது. பிறகு அமைதி. அன்றைக்கு நான் கேட்டுக் கையெழுத்துப் போட்ட அமைதிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது குழியில் வளைவில் நான் கேட்ட சத்தத்தின் அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது. பள்ளத்துக்கு விரைந்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வளைவில் உரசியிருக்கிறது. குழாய் உடையவே இல்லை. ஒன்பது லிட்டரும் கண்ணியமாகக் குழாய்க்குள்ளேயே ஓடி, பள்ளத்து மாடித் தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை. தண்ணீர் அதிகமாக வருகிறது என்று எந்த ஊரில் யார் புகார் கொடுப்பார்கள்.

ஒரு மணி நேரத்தில் அக்கா போன் செய்தாள். திறந்தே வைத்திருந்த குழாய் தானாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டதாம். “ஏய், பிடிச்சிட்டியா?” என்றாள். குரலில் இருபது வயசு குறைந்திருந்தது. ஆமாம் என்றேன். எங்கே இருந்தது என்று கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை பள்ளத்தின் மீட்டர் பழையபடி ஒன்பது லிட்டர் ஏறியிருந்தது. அந்த மீட்டர் கணக்கையும் என் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பள்ளத்தில் இருந்த நிஜமான கசிவுகள் எட்டு மாதமாக அப்படியே இருந்திருக்கின்றன, மேட்டிலிருந்து வந்த தண்ணீர் அவற்றை மூடி மறைத்திருக்கிறது, இனி அங்கே ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குப் புரியாமல் இல்லை. அவருக்குச் சான்றிதழ்தான் கவலை; அதில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

“வால்வு பழுது, சரிசெய்யப்பட்டதுன்னு எழுதிக் குடுங்கம்மா” என்றார்.

“வால்வுக்கு ஒரு பழுதும் இல்ல சார்.”

“வால்வு வந்து சண்டை போடப் போறதில்ல.”

மாற்றி எழுத மாட்டேன் என்றேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. காகிதத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். அதை எடுத்துப் படிக்க யாருக்கும் அவசியம் வரப்போவதில்லை என்று இருவருக்குமே தெரிந்தது. நான் செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட இந்த இடத்தில் ஓர் இடம் கிடையாதா என்று ஆத்திரமாக வந்தது. போகிற வழியில் சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆணி மட்டும் இருந்தது. மூன்று நாள் கழித்து அதில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

சான்றிதழைக் கழற்றிய அன்று சாயங்காலமே அக்காவிடம் போனேன். வாசலிலேயே ஈரத்துணி வாசனை. திரைச்சீலை, மெத்தை உறை, தையல் மெஷினின் துணி உறை என்று வீட்டில் துவைக்கக்கூடிய எல்லாவற்றையும் துவைத்துக் கம்பியில் போட்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வந்தும் வாளிகளை நிரப்பியே வைத்திருந்தாள். பழக்கம் போகவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை காத்திருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. டம்ளர் கையில் இருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தேன். பிரசவ விடுதி, சீனியர், இடது பக்கம், கம்பி, கையெழுத்து. துணி தைக்க வருகிறவர்கள் அளவு சொல்லும்போது அவள் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள், மனசில் குறித்துக்கொண்டே.

“அப்ப நீ தோண்டின நாலு குழி?”

“வீண்தான்.”

“மூடியாச்சா?”

“மூணு மூடியாச்சு. உன் வாசல்ல இருக்கிறதுதான் பாக்கி.”

“அதைச் சீக்கிரம் மூடச் சொல்லு. இல்லன்னா சாமான் ஏத்துற வண்டி உள்ள வராது.”

எனக்கு உடனே உறைக்கவில்லை. தண்ணீர்தான் வந்துவிட்டதே என்றேன், முட்டாள் மாதிரி.

அவள் ஸ்டூலில் வைத்திருந்த காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் டாக்டரிடம் போயிருக்கிறாள். முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது, இனி படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வாளி மட்டுமல்ல, வெறும் கையோடு கூட. மகன் வீட்டில் லிப்ட் இருக்கிறது. அன்றைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன். காதுல அதை மாட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்க. மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். எதிர் வீட்டுக்காரி யாரு அதுன்னு கேட்டா, என் தங்கச்சி, எனக்காகத்தான் தெருவையே தோண்டுறான்னு சொல்லுவேன்.”

டீயில் ஆடை படிந்துவிட்டது. குடித்தேன். ஒரு நாளைக்கு நான்கு நடை என்று வைத்துக்கொண்டால் எட்டு மாதத்துக்கு எத்தனை படி என்று மனம் அதுபாட்டுக்குப் பெருக்க ஆரம்பித்தது, பாதியில் நிறுத்தினேன். அவளும் அதே பெருக்கலைச் செய்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். தையல்காரியின் உதடு எண்ணும்போது லேசாக அசையும்.

அதற்கப்புறம் மாசக் கடைசி வரை அவள் என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். எந்தப் பாத்திரம் எனக்கு வேண்டும், டிரம்களை யாருக்குக் கொடுக்கலாம், மெஷினை எப்படிக் கட்டுவது. சாதாரணமாகப் பேசுவது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. இரண்டு மூன்று தடவை பேச்சை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள், இல்லையென்றால் கயிற்றின் அந்த முனையைப் பிடிக்கச் சொன்னாள்.

புறப்படுகிற நாள் காலையில் குழியை அவசரம் முன்னின்று மூடிக் கொடுத்தான். யாரும் சொல்லாமலே மண்ணைக் கெட்டித்து, மேலே கல் பாவி, வண்டி நிற்கத் தோதாக. மகன் கீழே சாமான்களோடு நின்றான். அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். சின்னக் குழந்தைகள் அப்படித்தான் இறங்கும். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். இரண்டாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் கீழிருந்து வரட்டுமா என்று கூப்பிட்டான். வேண்டாம், சித்தி இருக்கா என்று குரல் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கே போனதும் அந்த ஊர்த் தண்ணீர்க்காரர்கள் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும், சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறெதுவோ ஆகிவிட்டது.

“அக்கா…”

“கேக்காத” என்றாள். “நீ மன்னிச்சுக்கோன்னு கேட்டா, நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்கு இன்னும் அந்த வார்த்தை வரல. வரும்போது நானே போன் பண்ணுறேன்.”

சரி என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்றேன். இன்னும் முப்பத்திரண்டு படி இருந்தது. அவள் என் தோளில் கையை ஊன்றி, பாரம் முழுவதையும் அதில் போட்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.